மனக்கிலேசமும் மன நெகிழ்வும்: திருப்பூர் வட்டாரக் குடியானவர்களுக்குச் சில குறிப்புகள்

பயிரில் பூச்சி விழுந்தால் குடியானவர் உடனே கவனிக்கின்றார். மாடு தீனி எடுக்காமல் நின்றால் அன்றே கால்நடை வைத்தியரைத் தேடிச் செல்கின்றார். கிணற்றில் ஊற்றுக் குறைந்தால் ஆழப்படுத்த வழி பார்க்கின்றார். ஆனால் பயிரையும் மாட்டையும் கிணற்றையும் பார்த்துக் கொள்ளும் அந்த மனிதருடைய மனம் சோர்ந்து, இரவில் தூக்கம் கெட்டு, உணவில் விருப்பம் நீங்கி, வேலையில் கை ஓடாமல் நிற்கும் பொழுது, அதற்குப் பரிகாரம் தேடுபவர் மிகச் சிலரே. "காலம் சரியில்லை" என்று சொல்லி விட்டு விடுவதே வழக்கமாயிருக்கின்றது. தோட்டத்தில் உள்ள முதல்கள் அனைத்திலும் உழைப்பவருடைய மனமே தலையான முதல் என்பதை யோசித்தால், இந்த அசட்டையினால் விளையும் நஷ்டம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

மனத்துயரைத் தணிப்பதற்கென்று சென்ற நாற்பது வருஷ காலத்தில் சில புதிய சிகிச்சை முறைகள் ஏற்பட்டுள்ளன. அவை மருந்தினால் செய்யப்படுபவை அல்ல. பேச்சினாலும் பயிற்சியினாலும் செய்யப்படுபவை. மனத்துக்கு நெகிழ்வு உண்டாக்குவதே அவற்றின் நோக்கமாகும். அவை எத்தன்மையன, எவ்வாறு பரிசோதிக்கப்பட்டன, குடியானவர் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பவை இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

வட்டாரத்தின் நிலைமை

திருப்பூர் ஜில்லா 2009-ம் வருஷத்தில் கோயமுத்தூர், ஈரோடு ஜில்லாக்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இவ்வட்டாரத்தின் கைத்தொழில் விவசாயத்தின் வயிற்றில் பிறந்தது. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியா பருத்தி திருப்பூரைப் பெரிய பஞ்சுச் சந்தையாக்கிற்று. 1936-ம் வருஷத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இங்கே ஏற்பட்டது. பஞ்சைத் தொடர்ந்து நூலும், நூலைத் தொடர்ந்து பனியனும் வந்தன. தோட்டங்காட்டை விட்டு வந்த குடும்பத்தார் பலர் பிற்காலத்தில் பனியன் கம்பெனி முதலாளிகளாயினர். 1980-ம் வருஷங்களிலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதி வெகுவாகப் பெருகிற்று.

இதனால் ஒரே வீட்டில் இருவகைக் கவலைகள் குடியேறியுள்ளன. தகப்பனார் சோளக்காட்டையும் தென்னையையும் பார்த்துக் கொண்டு மழையை எதிர்நோக்கியிருக்கின்றார். மகன் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் அமர்ந்து ஆர்டரை எதிர்நோக்கியிருக்கின்றார். மருமகள் செக்கிங் வேலைக்குச் சென்று, இரவு வெகுநேரங் கழித்து வீடு திரும்புகின்றார். பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுபவர் நூல் விலையையும் கூலியையும் எண்ணிக் கலங்குகின்றார். மழையும் ஆர்டரும் இவர்களுள் எவருடைய கைக்கும் அடங்கியவை அல்ல. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீதம் வரையில் வரி விதித்த பொழுது, கடல் கடந்து எங்கோ செய்யப்பட்ட ஒரு முடிவு அவிநாசி, காங்கயம் கிராமங்களின் அடுப்பங்கரை வரையில் எட்டிற்று.

நொய்யல் ஆற்றின் வரலாறு யாவரும் அறிந்ததே. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றில் சாயப்பட்டறைக் கழிவு நீர் கலந்தமையால் கரையோரக் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. பாசனத்துக்கென்று கட்டி 1992-ம் வருஷத்தில் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாய நீர் தேங்கும் குட்டையாயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் நெடுங்காலம் வழக்காடினர். முடிவில் 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. உத்தரவு நியாயமானதே எனினும், அன்று வேலை இழந்த கூலிக்காரர்களுள் நிலம் இழந்த குடியானவர்களின் பிள்ளைகளும் இருந்தனர். அந்த வருஷங்களை ஒட்டித் திருப்பூரில் தற்கொலைகள் மிகுந்தமை பற்றிப் பத்திரிகைகள் பல எழுதின. மாகாணம் முழுவதும் நோக்கினாலும் நிலைமை கவலைக்குரியதே. 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையினால் இறந்தவர்களாகச் சர்க்கார் கணக்கில் பதிவானோர் 1,70,924 பேர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக இதுவே மிக அதிகமான எண்ணிக்கையாகும்.

வயற் பரிசோதனையும் வைத்தியப் பரிசோதனையும்

மனத்தைப் பற்றிய சிகிச்சை உண்மையில் பலன் தருகின்றதா, அன்றி வெறும் ஆறுதல் வார்த்தைதானா என்று கேட்பது முறையே. விவசாயிகளுக்கு இதன் விடையை எளிதில் விளக்கலாம். ஒரு புதிய ரகத்தைச் சிபாரிசு செய்யுமுன் ஆராய்ச்சிப் பண்ணையில் அதைப் பல பாத்திகளில் விதைத்து, பக்கத்துப் பாத்திகளில் பழைய ரகத்தையும் விதைத்து, இரண்டின் மகசூலையும் ஒப்பிடுகின்றனர். நல்ல மண் உள்ள பாத்தி எதற்குப் போகின்றது என்பதில் பட்சபாதம் நேராமலிருக்கச் சீட்டுக் குலுக்கல் போலப் பாத்திகளைப் பங்கிடுகின்றனர். இம்முறையை வகுத்தவர் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ம் வருஷம் முதல் பணியாற்றிய ரொனால்டு பிஷர் என்னும் கணித அறிஞர். 1925-ம் வருஷத்திலும் 1935-ம் வருஷத்திலும் வெளிவந்த அவருடைய நூல்கள் இதற்கு ஆதாரமாயின.

வயலிலிருந்தே இம்முறை ஆஸ்பத்திரிக்குச் சென்றது. காச நோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் மருந்தை இங்கிலாந்தில் இவ்விதமே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்து, 1948-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். 1956-ம் வருஷத்தில் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையமும் இதே வழியில் ஒரு பெரிய உண்மையை நிலைநாட்டிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சையும் சானடோரியத்தில் பெறும் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தரும் என்பதே அது. ஏழை நோயாளி தம் குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டிய அவசியம் இதனால் நீங்கிற்று. மனச் சிகிச்சைகளும் இன்று இதே தராசில்தான் நிறுக்கப்படுகின்றன.

சிகிச்சையின் கருத்து

இம்முறைகளுள் முக்கியமானது "ஏற்பும் உறுதியும்" என்று பெயர் சொல்லத்தக்க ஒரு சிகிச்சையாகும். அமெரிக்காவில் நெவாடா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன் ஹேய்ஸ் என்பவர் 1980-ம் வருஷங்களில் இதை உருவாக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய சகாக்களான ஸ்ட்ரோசால், வில்சன் என்பவர்களும் 1999-ம் வருஷத்தில் இதை விவரித்து ஒரு நூல் வெளியிட்டனர்.

இதன் அடிப்படைக் கருத்தைக் கோரைப் புல்லைக் கொண்டு விளக்கலாம். கோரையை மேலாகக் கிள்ளினால் அது மடிவதில்லை. ஈரத்தில் ஆத்திரத்தோடு உழுதால் கிழங்குச் சரம் அறுந்து, துண்டுகள் வயலெங்கும் பரவி, முன்னிலும் பன்மடங்காக முளைக்கின்றது. துயர எண்ணங்களின் இயல்பும் ஏறக்குறைய இதுவே. "இதை நினைக்கக் கூடாது" என்று மனத்தை அதட்டும் பொழுது அந்த நினைவே முன்வந்து நிற்கின்றது. அதை மறக்க ஒருவர் மதுவை நாடுகின்றார். ஒருவர் சந்தைக்கும் விசேஷங்களுக்கும் போவதை நிறுத்துகின்றார். ஒருவர் வீட்டாரோடு பேசுவதையே விட்டு விடுகின்றார். துயரத்தினின்று தப்புவதற்காக மேற்கொள்ளும் இக்காரியங்களே நாளடைவில் வாழ்வைச் சுருக்கித் துயரத்தைப் பெருக்குகின்றன.

கோரை நிழலைத் தாங்காது என்பதும் விவசாயிகள் அறிந்ததே. அடர்ந்து தழைக்கும் பயிரின் அடியில் அது வலுவிழக்கின்றது. அதுபோலவே இச்சிகிச்சை துயர எண்ணத்தைப் பிடுங்கி எறிய முயல்வதில்லை. வாழ்வில் மதிக்கத்தக்க காரியங்களை வளர்த்து, அவற்றின் நிழலில் துயரத்தின் ஆட்சியைக் குறைக்க முயல்கின்றது. துன்பம் உள்ளே இருக்கும்போதே, அதனால் கட்டுண்டு நில்லாமல், சமயத்துக்கேற்ப வளைந்து கொடுத்து, செய்ய வேண்டியதைச் செய்யும் ஆற்றலே மன நெகிழ்வு எனப்படும்.

இதற்கு ஆறு அங்கங்கள் கூறப்படுகின்றன. அவற்றை ஒரு கற்பனை உதாரணத்தால் அறியலாம். ஒரு குடியானவர் கடன் வாங்கி ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றார். ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் புழுதியே பறக்கின்றது. அன்று முதல் "நான் எதற்கும் உதவாதவன், குடும்பத்தைக் கெடுத்தவன்" என்ற எண்ணம் அவரை விடவில்லை.

முதலாவது, இடங்கொடுத்தல். நெஞ்சில் எழும் பாரத்தையும் வெட்கத்தையும் தள்ளி மூடாமல், அவை இருப்பதை ஒப்புக்கொள்ளுதல். இரண்டாவது, எண்ணத்தை எண்ணமென்று காணுதல். "நான் உதவாதவன்" என்பதற்குப் பதிலாக, "நான் உதவாதவன் என்ற எண்ணம் இப்பொழுது வந்திருக்கின்றது" என்று அவர் சொல்லிப் பார்க்கின்றார். சொற்கள் சிறிதே மாறுகின்றன. ஆனால் எண்ணத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு வரப்பு விழுகின்றது. மூன்றாவது, நிகழ்காலத்தில் நிற்றல். போன வருஷக் கிணற்றிலும் வரும் வருஷ வட்டியிலும் அலையும் மனத்தைக் கண்முன் உள்ள மாட்டுக்கும் மண்ணுக்கும் திருப்புதல். நான்காவது, மாறி மாறி வரும் எண்ணங்களைக் கண்டுகொண்டு மாறாமல் நிற்பவன் தான் என உணர்தல். வானத்தில் மேகம் வருவதும் போவதும் போல என்று இதைக் கூறலாம். ஐந்தாவது, தமக்கு எது மேன்மை என்று தெளிதல். பிள்ளைகளுக்கு நல்ல தகப்பனாயிருத்தல், நிலத்தைப் பாழாக்காது காத்தல், ஊருக்கு உதவுதல் முதலியன இவ்வகையின. ஆறாவது, அம்மேன்மைக்குப் பொருத்தமான ஒரு சிறு காரியத்தை அன்றே செய்தல்.

அக்குடியானவரின் கடன் இவற்றால் தீர்ந்துவிடாது. ஆனால் சங்கத்துக்குச் சென்று தவணை பற்றிப் பேசும் தைரியமும், தண்ணீர் குறைவாய் வேண்டும் தீவனப் பயிரைப் பற்றி யோசிக்கும் தெளிவும் அவருக்குத் திரும்புகின்றன. நெகிழ்வு இல்லாத மனத்துக்கு ஒரே வழிதான் தோன்றும். நெகிழ்ந்த மனத்துக்கு இரண்டாவது வழியும் புலப்படும்.

பரிசோதனைகளின் பலன்

இச்சிகிச்சையைப் பற்றிய 39 குலுக்கல் முறைப் பரிசோதனைகளை 2015-ம் வருஷத்தில் டச்சு ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சேர்த்து ஆராய்ந்தனர். அவற்றில் பங்குகொண்டவர்கள் 1,821 பேர். சிகிச்சை பெறாதவர்களையும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையும் விட, இச்சிகிச்சை பெற்றவர்கள் நடுத்தரமான அளவுக்கு அதிக நன்மை அடைந்தனர். ஆனால் முன்பே நிலைபெற்ற மற்ற நல்ல சிகிச்சைகளை விட இது மேலானதென்று நிரூபணமாகவில்லை. அவற்றோடு ஏறக்குறைய சமமாக நின்றது. அதிசய ரகம் என்று விளம்பரம் செய்யத் தக்கதன்று. நம்பி விதைக்கத் தக்க நல்ல ரகம் என்று கொள்ளலாம்.

நம் தேசத்திலும் ஒரு சிறு பரிசோதனை நடந்திருக்கின்றது. மருந்துக்கு எளிதில் அடங்காத காக்கை வலிப்பு உள்ள 18 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட அதன் முடிவுகள் 2008-ம் வருஷத்தில் வெளியாயின. அதில் ஒரு சாராருக்கு இச்சிகிச்சையும் மற்றொரு சாராருக்கு யோகப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரு சாராருக்குமே வாழ்க்கை நலம் உயர்ந்தது. எண்ணிக்கை சிறிதாகையால் இதிலிருந்து பெரிய முடிவு செய்வதற்கில்லை.

கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமானது உலக சுகாதார ஸ்தாபனம் இக்கருத்துக்களைக் கொண்டு அமைத்த எளிய திட்டமாகும். தேர்ந்த வைத்தியர் ஒருவரும் இல்லாத இடங்களை உத்தேசித்து அது செய்யப்பட்டது. வாரத்துக்கு ஒன்றாக ஐந்து கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் இருபது முப்பது பேர். பாடங்கள் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. நடத்துபவர் சொற்பப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் விளங்கும்படி படங்கள் நிறைந்த ஒரு கையேடும் உண்டு.

இத்திட்டத்தை ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தின் ரைனோ முகாமில், தெற்கு சூடானிலிருந்து அகதிகளாக வந்த 694 பெண்களிடையே சோதித்தனர். மூன்று மாதங்களுக்குப் பின்னும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களுக்கு மனத்துயர் குறைவாயிருந்ததென 2020-ம் வருஷத்தில் வெளியான முடிவு கூறுகின்றது. துருக்கியில் சிரிய அகதிகள் 642 பேரிடம் நடந்த பரிசோதனையில், ஆறு மாதங்களுக்குப் பின் மனநோய்க்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 22 பேர். பெறாதவர்களில் சுமார் 41 பேர். ஆயினும் மேற்கு ஐரோப்பாவில் நடந்த அதே போன்ற பரிசோதனையில், பயிற்சி முடிந்தவுடன் காணப்பட்ட அனுகூலம் ஆறு மாதங்களுக்குப் பின் நிலைக்கவில்லை. ஒரு ரகம் எல்லா மண்ணிலும் ஒரே மகசூல் கொடாததைப் போன்றதே இது.

இதற்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு முறை கோவாவில் சோதிக்கப்பட்டது. விக்ரம் பட்டேல் முதலானோர் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள ஏறக்குறைய ஐந்நூறு பேரைச் சேர்த்தனர். மனோ வைத்தியப் படிப்பில்லாத உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்று, ஒவ்வொருவரையும் ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, சோர்வினால் கைவிட்ட காரியங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் செய்யுமாறு தூண்டினர். மூன்று மாதங்களில், இவ்வுதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேரும் நோய் தணிந்தவர்களாயினர். முடிவுகள் 2016-ம் வருஷக் கடைசியில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயின.

சென்னையில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. உலக சுகாதார ஸ்தாபனம் சென்னை, கொழும்பு முதலிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்திற்று. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சையோடு, ஒரு மணி நேரம் விவரமாகப் பேசி, பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரித்தனர். அவ்வளவே. அந்தப் பதினெட்டு மாதங்களில் தற்கொலையினால் இறந்தவர்கள் மற்றச் சாராரில் நூற்றுக்கு 2.2, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. "எப்படி இருக்கின்றீர்கள்?" என்று தவறாமல் வந்து கேட்கும் ஒருவர் இருப்பதன் மதிப்பு இதனால் விளங்கும்.

இவ்விடங்களுள் பல திருப்பூருக்கு வெகு தொலைவானவை. எனினும் வீடு இழந்து முகாமில் வாழ்பவர்களுக்கும், எழுதப் படிக்க அறியாதவர்களுக்கும், வைத்தியர் இல்லாத கிராமங்களுக்கும் இம்முறைகள் பயன்பட்டிருப்பதால், மாதர் சுய உதவிக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நிறைந்த கொங்கு நாட்டுக் கிராமங்களுக்கு இவை எட்டாதவை என்று கூற இடமில்லை.

செய்து பார்க்கத் தக்கவை

2020-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட கையேட்டில் ஐந்து பழக்கங்கள் கூறப்படுகின்றன. அவற்றை இவ்வட்டாரத்து வேலைகளோடு பொருத்திக் கீழே தரப்படுகின்றது.

(1) காலூன்றி நிற்றல்: மனம் கலங்கும் பொழுது இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மெதுவாக மூச்சு விட்டு, அப்பொழுது கண்ணில் படுவனவற்றையும் காதில் விழுவனவற்றையும் ஒவ்வொன்றாகக் கவனித்தல். வாய்க்காலில் மடை மாற்றும் பொழுதும் பால் கறக்கும் பொழுதும் இதைப் பழகலாம். பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் தேநீர் இடைவேளையில் பழகலாம்.

(2) பிடியை விடுவித்தல்: தொல்லை தரும் எண்ணம் வந்தவுடன், "இதோ, கடன் எண்ணம் வந்திருக்கின்றது" என்று பெயர் சொல்லி, கவனத்தைக் கையிலுள்ள வேலைக்குத் திருப்புதல். எண்ணம் மறுபடியும் வரும். மறுபடியும் அவ்வாறே செய்ய வேண்டும்.

(3) மேன்மையின்படி நடத்தல்: தமக்கு முக்கியமானது எது என்று ஒன்றைத் தேர்ந்து, அதற்காக அவ்வாரத்தில் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியத்தை நாளும் நேரமும் குறித்துச் செய்தல்.

(4) தன்னிடத்தில் தயை: நஷ்டப்பட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் எவ்வளவு இதமாகப் பேசுவோமோ அவ்வளவு இதமாகத் தன்னோடு தான் பேசிக் கொள்ளுதல்.

(5) இடங்கொடுத்தல்: துக்கத்தோடும் பயத்தோடும் மல்லுக்கட்டாமல், அவை உடலில் எங்கே உறைகின்றன என்பதைக் கவனித்து, வந்து போக விடுதல்.

தினம் பத்து நிமிஷம் போதுமானது. ஆனால் விதைத்த மறுநாளே முளையைத் தேடுவது தவறு. சில வாரங்கள் விடாது பழகிய பின்னரே பலன் தெரியும்.

இவற்றின் எல்லை

மனப்பயிற்சி வேறு, நியாயம் வேறு. கெட்டுப் போன கிணற்றுக்கு நல்ல தண்ணீரும், கொடுபடாத கூலிக்குப் பணமும், அதிக வேலைக்கு ஓய்வுமே பரிகாரம். ஆற்றில் சாய நீரை விட்டவர்கள் கரையிலுள்ளவர்களுக்குப் பொறுமையை உபதேசித்தால் அது ஏற்கத் தக்கதன்று. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தங்கள் துயரத்துக்கு இடங்கொடுத்துக்கொண்டே வழக்கையும் நடத்தினார்கள். நெகிழ்வு என்பது பணிந்து போவதன்று என்பதற்கு அதுவே சாட்சி.

கடுமையான நோய்க்கு வைத்தியரும் மருந்தும் அவசியம். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தாலும், இல்லாத குரல் காதில் கேட்டாலும், சாவைப் பற்றிய பேச்சு அடிக்கடி வந்தாலும், குடிப்பழக்கம் மிகுந்தாலும் தாமதம் கூடாது. சாவைப் பற்றிப் பேசுபவர் அதைச் செய்ய மாட்டார் என்று எண்ணுவது பெருந்தவறு. அவரிடம் நேராகவும் அன்பாகவும் கேட்பதனால் தீங்கு விளையாது.

பூச்சி மருந்து வீட்டில் கைக்கெட்டும்படி இருத்தல் கூடாது. மனம் உடையும் கணம் பெரும்பாலும் குறுகியது. அக்கணத்தில் விஷம் கிட்டாவிட்டால் பல உயிர்கள் தப்பும். சென்னையில் 1986-ம் வருஷத்தில் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு ஸ்தாபனத்தை நிறுவிய டாக்டர் லக்ஷ்மி விஜயகுமாரும் அவருடைய சகாக்களும் கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், ஊருக்குப் பொதுவான கிடங்கில் ஒவ்வொரு குடியானவருக்கும் பூட்டத்தக்க பெட்டி வைத்துப் பூச்சி மருந்தைப் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் சோதித்து, 2013-ம் வருஷத்தில் அனுகூலமான முடிவை வெளியிட்டனர். இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய பரிசோதனையோ பலன் தரவில்லை என 2017-ம் வருஷத்தில் தெரிந்தது. கொடிய மருந்துகளை 1995-ம் வருஷம் முதல் படிப்படியாகத் தடை செய்த பின்னரே அத்தீவில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே பெட்டி வீட்டிலிருப்பதை விட விஷம் வீட்டில் இல்லாதிருப்பதே மேல். தேவையான அளவுக்கு மாத்திரம் வாங்கி, மிச்சம் வைக்காதிருப்பது செலவுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

உதவி கிடைக்குமிடம்

மத்திய சர்க்காரின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு சர்க்காரின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஜில்லா மனநலத் திட்டத்தின் வைத்தியர்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காணலாம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குச் சிகிச்சையளிப்பது சர்க்காரின் கடமை. ஆகையால் போலீசுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க வேண்டுவதில்லை.

கிராமத்தில் செய்யத் தக்கதும் ஒன்றுண்டு. சங்கக் கூட்டத்திலும் மாதர் குழுக் கூட்டத்திலும் கடன் கணக்கைப் படித்து முடித்த பின், சென்ற மாதம் வந்து இம்மாதம் வாராதவர் யார் என்று பார்த்து, இருவர் அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து வரலாம். கிணறு வற்றியவர், ஆர்டர் நின்றவர், வீட்டில் சாவு நேர்ந்தவர் ஆகியோரை முதலில் பார்த்தல் நலம். இதற்குப் பணச் செலவு இல்லை. ஒரு மாலைப் பொழுதும், பேசுவதை விடக் கேட்பதற்கு அதிக மனமும் இருந்தால் போதும்.